வைத்தியர் சாமுவேல் கிறீன்: தமிழில் மருத்துவம் தந்த பெரியார்

அறிமுகம்

நோயைத் தீர்க்கும் வழி உலகின் ஒரு மூலையில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டால் மட்டும் நோயாளி பிழைத்துவிடுவதில்லை. அந்த அறிவு நோயாளிக்கு அருகில் நிற்கும் வைத்தியரைச் சென்றடைய வேண்டும். வைத்தியர் கூறுவது நோயாளிக்கும் அவருடைய வீட்டாருக்கும் விளங்கவும் வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறுவதற்கு நூல்கள் தேவை, மொழி தேவை. இவ்வுண்மையை 19ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்து, மேலைத்தேச மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றுவித்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். தாய்மொழி தமிழல்லாத ஓர் அமெரிக்கர் இப்பணியைச் செய்தார் என்பது வியப்புக்குரியது. தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இவருடையது.

பிறப்பும் கல்வியும்

சாமுவேல் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 10ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மாசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தினர் வாழ்ந்த பண்ணை கிறீன் ஹில் என அழைக்கப்பட்டது. உடன்பிறந்தார் பலர் உள்ள பெரிய குடும்பம் அது. அவர்களுள் மூத்த சகோதரரான அன்றூ கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் மாநகரின் வளர்ச்சியில் பெரும் பங்கு கொண்டு புகழ்பெற்றார்.

சாமுவேல் நியூயோர்க் நகரில் மருத்துவம் கற்று 1845ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். நகரத்திலேயே தொழில் செய்து செல்வம் சேர்க்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. எனினும் அவர் சமயப் பற்று மிக்கவர். மிஷன் பணியையும் மருத்துவப் பணியையும் ஒன்றாகச் செய்ய விரும்பினார். அக்காலத்தில் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் இயங்கி வந்தது. 1816இல் அங்கு தொடங்கிய அந்த மிஷனில் கிறீனுக்கு முன்னரே வைத்தியர்கள் பணியாற்றியுள்ளனர். 1820ஆம் ஆண்டு முதல் பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்த ஜோன் ஸ்கடரும், அவருக்குப் பின் வந்த நேதன் வார்டும் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். வார்டின் இடத்தை நிரப்புவதற்காகவே கிறீன் அனுப்பப்பட்டார்.

யாழ்ப்பாணத்தில் கிறீன்

1847ஆம் ஆண்டு கப்பலேறிய கிறீன் அவ்வாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய அவர் 1848இல் மானிப்பாய்க்குச் சென்றார். பின்னர் மானிப்பாயே அவருடைய பணிக்களமாயிற்று.

அன்றைய யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி, அம்மை, காய்ச்சல் முதலிய நோய்கள் அடிக்கடி பரவின. பிரசவத்தின்போது தாயும் பிள்ளையும் இறப்பது சாதாரணமாக இருந்தது. மக்கள் சித்த, ஆயுள்வேத வைத்தியர்களையே நாடினர். சத்திர சிகிச்சை என்பது பெரும்பாலோர் கேள்விப்படாத ஒன்று. இத்தகைய சூழலில் ஒரு தனி வைத்தியர் எவ்வளவு உழைத்தாலும் குடாநாடு முழுவதற்கும் உதவ முடியாது. இதனைக் கிறீன் வந்த சில மாதங்களிலேயே உணர்ந்தார். தாம் ஒருவரே நோயாளர்களைப் பார்ப்பதிலும், உள்ளூர் இளைஞர்களை வைத்தியர்களாக்குவதே நிலையான பயன் தரும் எனத் துணிந்தார். எனவே 1848ஆம் ஆண்டிலேயே மாணவர் சிலரைச் சேர்த்து மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். அவ்வகுப்பு ஆங்கிலத்தில் நடைபெற்றது.

அதேவேளை அவர் தமிழையும் முயன்று கற்றார். நோயாளியிடம் நேரே பேசி நோயின் தன்மையை அறிவதற்கு மொழியறிவு இன்றியமையாதது என்பது அவரது எண்ணம். 1850ஆம் ஆண்டு அரசாங்க அதிபர் டைக் அவர்களின் முயற்சியால் யாழ்ப்பாண நகரில் ஒரு வைத்தியசாலை நிறுவப்பட்டது. அதன் தொடக்ககால மேற்பார்வையிலும் கிறீன் பங்குகொண்டார். இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

ஆங்கிலத்தில் பயின்ற மாணவர்கள் திறமையான வைத்தியர்களாக வெளிவந்தனர். ஆயினும் கிறீன் எதிர்பார்த்தது முழுமையாக நிறைவேறவில்லை. ஆங்கிலமும் மருத்துவமும் அறிந்தவருக்கு அரச சேவையில் நல்ல சம்பளம் கிடைத்தது. ஆகவே பயிற்சி பெற்றவர்களுட் பலர் பிற ஊர்களில் உத்தியோகம் ஏற்றுச் சென்றனர். எந்தக் கிராமங்களுக்காக அவர்கள் பயிற்றப்பட்டனரோ அந்தக் கிராமங்கள் முன்போலவே வைத்தியரின்றி இருந்தன.

மேலும், ஆங்கிலத்தில் கற்றவர் தாம் கற்றதைத் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிக்கு எடுத்துரைக்கச் சொற்கள் இல்லாமல் இடர்ப்பட்டார். நோயின் பெயரையும் அதன் காரணத்தையும் விளக்க முடியாதபோது நோயாளி வைத்தியரை நம்பத் தயங்குவது இயல்பே.

முதலாவது பத்தாண்டுச் சேவையின் பின்னர் விடுமுறையில் தாய்நாடு சென்ற கிறீன், 1862ஆம் ஆண்டு மார்க்கிரட் வில்லியம்ஸ் என்னும் பெண்மணியைத் திருமணம் செய்துகொண்டு மனைவியுடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். வந்ததும் தமது திட்டத்தை மாற்றினார். 1864ஆம் ஆண்டு முதல் மருத்துவ வகுப்புத் தமிழில் நடைபெறத் தொடங்கியது. ஆங்கிலமே உத்தியோகத்துக்கும் மதிப்புக்கும் வழியென்று கருதப்பட்ட காலத்தில் இது துணிவான முடிவாகும். மாணவர்கள் தமது ஊரின் உடை, உணவு, பழக்கவழக்கங்களை விட்டுவிடாது, ஊராருள் ஒருவராகவே இருந்து வைத்தியம் செய்ய வேண்டுமென அவர் வற்புறுத்தினார்.

தமது சேவைக்காலத்தில் கிறீன் அறுபதுக்கு மேற்பட்டோருக்கு மருத்துவப் பயிற்சி அளித்தார். அவர்களுள் முப்பதுக்கு மேற்பட்டோர் தமிழில் பயின்றவர்கள்.

நூலாக்கப் பணி

தமிழில் கற்பிக்க வேண்டுமாயின் தமிழில் நூல்கள் வேண்டும். அன்று அத்தகைய நூல்கள் இருக்கவில்லை. ஆகையால் கிறீன் தமது மாணவர்களின் துணையோடு நூல்களை மொழிபெயர்த்தும் திருத்தியும் வெளியிட்டார். அமெரிக்கரான கற்றர் எழுதிய நூல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்ற பெயரில் 1857இல் வெளிவந்தது. மனித உடலின் அமைப்பு, தொழிற்பாடு, சுகாதாரம் ஆகிய மூன்றையும் அது கூறுகிறது. அவ்வாண்டிலேயே பிரசவ வைத்தியம் பற்றிய நூலும் வெளியாயிற்று. சத்திர சிகிச்சை பற்றிய ‘இரண வைத்தியம்’ 1867இல் அச்சேறியது.

1872இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ தனிச்சிறப்புடையது. இது இலண்டனில் 1858இல் முதன்முதலாக வெளியான ஹென்றி கிறே என்பவரின் உடற்கூற்று நூலைத் தழுவியது. கிறேயின் நூல் இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர்களாற் புதிய பதிப்புகளில் பயிலப்படுகின்றது. வெளியாகிப் பதினான்கு ஆண்டுகளுக்குள்ளேயே அது தமிழ் வடிவம் பெற்றமை எண்ணிப் பார்க்கத்தக்கது. நூலாசிரியரான கிறே அதனைக் காண உயிரோடிருக்கவில்லை. அவர் 1861இல் தமது முப்பத்து நான்காவது வயதில் பெரியம்மையால் இறந்துபோனார்.

அதே 1872இல் ‘வைத்தியாகரம்’ என்னும் நூலும் வெளிவந்தது. இது ஹூப்பர் என்பவரின் ஆங்கிலக் கைநூலைத் தழுவியது. மூலநூலின் தலைப்பிலுள்ள இலத்தீன் தொடருக்கு என்னுடன் வா என்பது பொருள். வைத்தியர் எங்கு சென்றாலும் உடன்கொண்டு செல்லவேண்டிய நூல் என்பதே கருத்து. ஐயம் தோன்றும்போது கேட்டறிவதற்கு மூத்த வைத்தியர் ஒருவர் அருகில் இல்லாத கிராமத்து வைத்தியருக்கு அத்தகைய நூல் பெருந்துணையாகும்.

இவற்றின் பின் இரசாயனவியல் பற்றிய ‘கெமிஸ்தம்’ 1875இலும், உடற்றொழிலியல் பற்றிய ‘மனுஷ சுகரணம்’ 1883இலும், மருந்துப் பொருள்கள் பற்றிய ‘இந்து பதார்த்த சாரம்’ 1884இலும் வெளிவந்தன. இறுதியாகக் கூறப்பட்ட நூல் இந்தியாவிற் கிடைக்கும் மருந்துப் பொருள்களை விளக்கும் ஆங்கில நூலொன்றை அடிப்படையாகக் கொண்டது. கைக்கெட்டாத மருந்துகளை மட்டும் எழுதாமல் நாட்டில் கிடைப்பனவற்றையும் எழுத வேண்டும் என்ற நோக்கம் இதிற் புலனாகிறது. கிறீனின் முயற்சியால் வெளிவந்த தமிழ் மருத்துவ நூல்களின் பக்கங்கள் மொத்தமாக நாலாயிரத்துக்கு மேற்பட்டவை.

கலைச்சொல் ஆக்கம்

மொழிபெயர்ப்பில் மிகக் கடினமான பகுதி கலைச்சொல் ஆகும். இதற்குக் கிறீன் ஓர் ஒழுங்குமுறையை வகுத்துக்கொண்டார். முதலில், ஒரு கருத்துக்குத் தமிழில் ஏற்கெனவே சொல் உண்டா எனத் தேடினார். இல்லையெனில் வடமொழியில் தேடினார். அங்கும் கிடைக்காவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதினார். கெமிஸ்தம் என்ற பெயர் மூன்றாவது முறைக்கு எடுத்துக்காட்டு. கலைச்சொற்களைத் தொகுத்து அகராதிகளாகவும் வெளியிட்டார்.

அவருடைய சொற்கள் யாவும் நிலைக்கவில்லை. வடமொழிச் சார்பு மிகுந்தமையால் பல சொற்கள் பிற்காலத்தவருக்குக் கடினமாகத் தோன்றின. அங்காதிபாதம் என்பதற்குப் பதிலாக உடற்கூற்றியல் என்றும், சுகரணம் என்பதற்குப் பதிலாக உடற்றொழிலியல் என்றும், கெமிஸ்தம் என்பதற்குப் பதிலாக இரசாயனவியல் என்றும் நாம் இன்று வழங்குகிறோம். எனினும், தமிழில் விஞ்ஞானத்தை எழுத முடியும் என்பதைச் செயலிற் காட்டியவர் அவரே. நாம் இன்று பயன்படுத்தும் பாடநூல்களின் சொல்லாக்க மரபுக்கு அவர் முன்னோடி எனலாம்.

இறுதிக் காலம்

உடல்நலம் குன்றியதால் கிறீன் 1873ஆம் ஆண்டு குடும்பத்துடன் அமெரிக்கா திரும்பினார். ஆனால் தமிழ்ப் பணியை அவர் கைவிடவில்லை. தமிழ் ஒலிக்காத ஊரிலிருந்துகொண்டே தமிழ் நூல்களைச் செப்பனிடும் வேலையைத் தொடர்ந்தார். 1875 தொடக்கம் 1884 வரை வெளிவந்த நூல்கள் இவ்வாறு உருப்பெற்றவை. 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி, தாம் பிறந்த வூஸ்ரர் நகரிலேயே, தமது அறுபத்தோராவது வயதில் அவர் காலமானார். தமிழர்களுக்குச் செய்த மருத்துவப் பணியே தமது கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டுமென அவர் விரும்பினார். அவ்வாறே பொறிக்கப்பட்டது. மானிப்பாயிலுள்ள வைத்தியசாலை கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பணி தொடராமைக்குக் காரணம்

கிறீன் தொடங்கிய தமிழ் மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைபெறவில்லை. 1870ஆம் ஆண்டு அரசாங்கம் கொழும்பில் மருத்துவப் பாடசாலையை நிறுவியது. அங்கு போதனை ஆங்கிலத்தில் நடைபெற்றது. அரச சேவைக்கு வேண்டிய தகுதி அங்கேயே கிடைத்ததால் மாணவர்கள் அதனை நாடினர். மருத்துவ அறிவு விரைவாக வளர்ந்தமையும் மற்றொரு காரணமாகும். புதிய கண்டுபிடிப்புகளுக்கேற்ப நூல்களை அடிக்கடி திருத்தி வெளியிட ஆளும் பணமும் வேண்டும். கிறீன் இல்லாதபோது அதனைச் செய்ய நிறுவனமொன்று இருக்கவில்லை. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கப்பட்டபோதும் அதன் போதனாமொழி ஆங்கிலமாகவே அமைந்தது.

அன்றும் இன்றும்: ஒரு நோயின் கதை

கிறீனின் நோக்கம் இன்றும் எவ்வளவு பொருத்தமானது என்பதை ஒரு நோயைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம். அக்கி என்னும் நோய் நாம் அறிந்ததே. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போலக் கொப்புளங்கள் தோன்றிக் கடுமையாக எரியும். கிறீனின் காலத்தில் இதன் காரணம் எவருக்கும் தெரியாது. வைரசு என்ற நுண்கிருமி வகையே அன்று கண்டறியப்படவில்லை. கொப்புளிப்பான் எனவும் சின்னம்மை எனவும் கூறப்படும் நோயை உண்டாக்கும் வைரசே அக்கியையும் உண்டாக்குகின்றது என்பது 20ஆம் நூற்றாண்டில் உறுதியாயிற்று. சிறுவயதில் கொப்புளிப்பான் வந்து மாறிய பின்னும் அவ்வைரசு நரம்பு வேர்களில் ஒளிந்திருக்கும். பல ஆண்டுகளின் பின், உடலின் எதிர்ப்புச் சக்தி குறையும்போது அக்கியாக வெளிப்படும். இது ஹேர்பிஸ் என்னும் வைரசுக் குடும்பத்தைச் சேர்ந்தது. உதட்டோரத்தில் தோன்றும் கொப்புளத்துக்குக் காரணமான வைரசும் இக்குடும்பத்தினதே.

இவ்வைரசுகளுக்கு எதிரான அசைக்குளோவிர் என்னும் மருந்து 1970களில் உருவாக்கப்பட்டது. அதன் ஆக்கத்தில் முக்கிய பங்கு வகித்த கேட்றூட் எலியன் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார். அக்கி தோன்றி 72 மணித்தியாலங்களுக்குள் இம்மருந்தைத் தொடங்குவதே மிகுந்த பயன் தரும். நெற்றியிலும் கண்ணருகிலும் அக்கி வந்தால் பார்வைக்கே ஆபத்து நேரலாம். ஆகவே கண் வைத்தியரிடம் உடனே அனுப்ப வேண்டும்.

இவ்விபரங்களை வைத்தியர் இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் இணையத்தளமும், எமது சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவின் இணையத்தளமும் வழிகாட்டல்களைத் தருகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தேடும் வசதியை 1997ஆம் ஆண்டு முதல் இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. சிங்கராஜ வனத்துக்கு அண்மையிலுள்ள கலவான போன்ற ஊரில் பணிபுரியும் வைத்தியரும், கொழும்பில் இருப்பவரும் ஒரே தகவலை ஒரே நேரத்தில் பெற முடிகின்றது. கிறீன் ‘வைத்தியாகரம்’ மூலம் செய்ய முயன்றதை இன்று இணையம் செய்கிறது எனலாம்.

ஆயினும் பாதி வழியே கடக்கப்பட்டுள்ளது. இத்தகவல்களுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழும் ஒரு தாய்க்கு அவை எட்டுவதில்லை. அக்கி வந்தால் காவிக்கல்லைக் குழைத்து அக்கி எழுதும் வழக்கமும், அம்மை கண்டால் வீட்டு வாசலில் வேப்பிலை செருகும் வழக்கமும் தமிழரிடையே நெடுங்காலமாக உள்ளன. அவற்றை இகழ்வதால் பயனில்லை. வேப்பிலை செருகிய வீட்டாரும் நோயாளியை வைத்தியரிடம் அழைத்துச் செல்லலாம். ஆனால் 72 மணித்தியாலம் என்னும் கணக்கு அவர்களுக்குத் தெரியாவிட்டால் மருந்துக்குரிய காலம் கடந்துவிடும். கர்ப்பிணிகளைக் கொப்புளிப்பான் தாக்கினால் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து நேரலாம் என்பதும் அவ்வாறே தெரிந்திருக்க வேண்டிய செய்தி. இதனைத் தமிழில், எளிய சொற்களில், நம்பத்தக்க முறையில் எடுத்துரைப்பவர் தேவை. வைத்தியருக்குத் தமிழ் தெரியாதபோது தாதியும் குடும்ப சுகாதார உத்தியோகத்தரும் தோட்ட வைத்திய உதவியாளரும் பாடசாலை மாணவருமே அந்தப் பாலமாகின்றனர்.

முடிவுரை

கிறீன் இலங்கையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார். அவர் ஆக்கிய நூல்கள் இன்று மருத்துவம் கற்கப் பயன்படமாட்டா. அவற்றிற் கூறப்பட்ட சிகிச்சை முறைகள் பல பழையனவாகிவிட்டன. ஆனால் அவர் கண்ட உண்மை பழையதாகவில்லை. அறிவு எந்த மொழியிற் பிறந்தாலும் அது தேவைப்படுவோரின் மொழிக்கு வந்து சேர்ந்தால்தான் முழுப்பயன் தரும். ஆங்கிலத்தை வெறுத்து அவர் தமிழை நாடவில்லை. ஆங்கில நூல்களை நன்கு அறிந்திருந்தமையாலேயே அவற்றைத் தமிழில் தர அவரால் முடிந்தது. தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவர்கள் ஆங்கிலத்தையும் ஊன்றிக் கற்று, கற்றதைத் தமக்குரியோருக்குத் தமிழில் எடுத்துரைப்பார்களாயின் அதுவே கிறீனுக்குச் செய்யும் சிறந்த கைம்மாறாகும்.

நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1822 – பிறப்பு
1845 – மருத்துவப் பட்டம் பெறல்
1847 – யாழ்ப்பாணம் வருதல்
1848 – மானிப்பாயில் மருத்துவ வகுப்புத் தொடங்குதல்
1864 – தமிழில் மருத்துவக் கல்வி தொடங்குதல்
1872 – ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ வெளியீடு
1873 – அமெரிக்கா திரும்புதல்
1884 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. கிறீன் மருத்துவ வகுப்பை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றியமைக்கான காரணங்கள் இரண்டினைத் தருக.
2. கலைச்சொற்களை ஆக்குவதில் கிறீன் பின்பற்றிய ஒழுங்குமுறையை எழுதுக.
3. ‘வைத்தியாகரம்’ கிராமத்து வைத்தியர்களுக்கு எவ்வாறு உதவியிருக்கும் என விளக்குக.
4. கிறீனின் தமிழ் மருத்துவக் கல்வி அவருக்குப் பின் தொடராமைக்கான காரணங்கள் யாவை?
5. உமது ஊரில் அக்கி அல்லது கொப்புளிப்பான் ஏற்பட்ட ஒருவரின் வீட்டாருக்கு நீர் கூறக்கூடிய அறிவுரைகளை 80 சொற்களில் எழுதுக.